காடாத் துணியில் ஒரு படம்

ரேவதிக்குத் துணியில் ஒரு கண் உண்டு. எதற்கு எது சேரும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். அவள் ஊரான அடி அண்ணாமலையில் ஒரு வீட்டில் காதுகுத்து, வளைகாப்பு என்றால் புடவையைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு பெண்கள் முதலில் அவள் வாசலுக்குத்தான் வருவார்கள். "கத்திரிப்பூ கலருக்கு அதே கத்திரிப்பூ போடாதக்கா, மாந்துளிர் கலர்ல போடு, மூஞ்சி எடுப்பா தெரியும்" என்பாள். அப்படியே செய்துவிட்டு விசேஷத்தில் நாலு பேர் கேட்கும்படி நடப்பார்கள். ரவிக்கை தைத்ததற்குக் கூலி கொடுப்பார்களே தவிர, அந்தக் கண்ணுக்கு யாரும் எதுவும் கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியதில்லை.

அவள் கணவன் முருகவேல் போர் போடும் லாரியில் வேலை செய்தான். ஆவணியில் கிளம்பினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று சுற்றிவிட்டு, அந்தப் பக்கம் மழை பிடித்து வண்டி நின்றபின் ஆடியில்தான் வீடு திரும்புவான். வருஷத்தில் ஒரு மாதம் புருஷன், பதினோரு மாதம் தொலைபேசி. ஒரே மகள் சினேகா ஐந்தாவது படித்தாள்.

செங்கம் சாலையில், வெளிநாட்டார் வந்து தங்குகிற ஆசிரமத்துக்குப் பின்புறத் தெருவில், பெல்ஜியத்துக்காரி ஒருத்தி வீடு வாடகைக்கு எடுத்துத் துணிக்கடை போட்டாள். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். அவள் பெயர் அன்னெத். தியானத்துக்கு வந்து போகிறவர்களில் ஒருத்தி. இவள் மட்டும் போகாமல் தங்கிவிட்டாள். தறித்துணி வாங்கி, பின்கட்டில் அண்டா அண்டாவாக அவுரியும் கடுக்காயும் மாதுளை ஓடும் ஊறவைத்து, தானே பெண்களோடு சேர்ந்து சாயம் முக்குவாள். முழங்கை வரை நீலமாக இருக்கும். மண்ணுக்குக் கேடில்லாத துணி, தைக்கிறவளுக்கு வஞ்சனையில்லாத கூலி. இதுதான் அவளுடைய கொள்கை. அதைச் சொல்லித்தான் தன் நாட்டிலும் லண்டனிலும் சில சின்னக் கடைகளுக்கு அனுப்பி விற்றாள். சொன்னபடி நடக்கவும் செய்தாள். மின்விசிறிக்குக் கீழே தையல் மிஷின், மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு, ஞாயிறு லீவு. டீ வந்தால் அவளும் பெண்களோடு பாயில் உட்கார்ந்து அதே டம்ளரில் குடித்தாள்.

அங்கே எல்லாவற்றுக்கும் வாய் தசரதன்தான். ரேவதியின் பெரியப்பா மகன். அரசுக் கல்லூரியில் இங்கிலீஷ் பி.ஏ. முடித்துவிட்டு எல்.ஐ.சி. ஏஜென்ட், ஜெராக்ஸ் கடை என்று அலைந்தவன் அன்னெத்திடம் வந்து ஒட்டிக்கொண்டான். அவள் பேசுவதைப் பெண்களுக்குத் தமிழில் சொல்வான், பெண்கள் பேசுவதை அவளுக்கு இங்கிலீஷில் சொல்வான், வெளிநாட்டுக் கடைகளுக்கு இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து கடிதம் எழுதுவான். அவன்தான் ரேவதியைக் கூட்டிக்கொண்டு போனான். "உன் கைக்கு இங்க மரியாதை இருக்கும் ரேவதி" என்றான்.

மூன்றாவது மாதம் அது நடந்தது. வெளிநாட்டுக் கடைக்கு அனுப்ப அன்னெத் மேசையில் சில உடுப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து வைத்திருந்தாள். ரேவதி கடந்து போனவள் நின்றாள். நீல ஜிப்பாவுக்கு நீலப் பைஜாமா. கடுக்காய் மஞ்சளுக்குப் பக்கத்தில் ஒரு செத்த பழுப்பு. அவளுக்குப் பொறுக்கவில்லை. கேட்காமலே மூன்றை உருவி எடுத்தாள். இரும்புத் துருவும் வெல்லமும் ஊறவைத்துச் சாயம் போட்ட கறுப்புப் பைஜாமா ஒன்றை அலமாரியிலிருந்து கொண்டுவந்து மஞ்சளுக்குக் கீழே வைத்தாள். மஞ்சிட்டிச் சிவப்பில் ஒரு மேல்துண்டு. அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுக் காட்டினாள். இதுக்கு இது, அதையே எடுத்து இதுக்கு, இந்தத் துண்டை நாளைக்கு அதுக்கு. மொத்தம் பத்து உருப்படி. ஒரு மாதம் உடுத்தினாலும் நேற்றுப் போட்ட மாதிரி இன்று இருக்காது.

அன்னெத் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு தசரதனைக் கூப்பிட்டு என்னவோ சொன்னாள்.

"இனிமே செட்டு சேர்க்கிறது உன் வேலையாம்" என்றான் தசரதன். "தையல் கம்மி பண்ணிக்கச் சொல்றாங்க."

அன்று ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது ரேவதிக்குக் கழுத்து நிமிர்ந்திருந்தது. தினமும் உடுத்தத்தானே இந்தத் துணி, கோயிலுக்கும் கல்யாணத்துக்குமா? வேலைக்குப் போகிறவள், கடைக்குப் போகிறவள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறவள், காலையில் பெட்டியைத் திறந்தால் கை தானாக எடுக்க வேண்டும். முகம் தெரியாத அந்தப் பெண்களை மனதில் நிறுத்திக்கொண்டு அவள் செட்டு சேர்த்தாள். பெட்டிகள் போன வேகத்தில் மறுபடி கேட்டு வந்தன. ஆறு பெண்கள் பன்னிரண்டு ஆனார்கள்.

அடுத்த தையில் புதுச்சேரியிலிருந்து போட்டோ எடுக்கிறவர் ஒருவர் வந்தார். பெட்டிக்குள் வைக்க ஒரு அட்டை அடிக்கப் போகிறார்களாம். செட்டு சேர்க்கிறவள் படம் அதில் வர வேண்டுமாம். ரேவதி தன்னிடமிருந்த சாமந்தி நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தசரதன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"நம்ம துணியப் போட்டுக்கணும் ரேவதி. அந்தக் காடாத் துணி செட்டு இருக்குல்ல, அது."

சாயமே போடாத, வெளுக்காத துணியில் தைத்த செட்டு அது. அன்னெத்துக்கு அதுதான் உசத்தி. சாயத்துக்குக்கூடத் தண்ணீர் செலவழிக்காத துணி என்பாள். ரேவதிக்குத் தெரிந்து ஊரில் காடாத் துணி தலையணைக்குள்ளே போகும், இல்லையென்றால் பாடைமேலே போகும். மனசு ஒப்பவில்லை. ஆனாலும் வேலை செய்கிற இடம். போட்டுக்கொண்டு வந்து நின்றாள். உயரக் கழுத்து, தாலி உள்ளே போய்விட்டது. போட்டோக்காரர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டி என்னவோ சொன்னார்.

"பொட்ட எடுத்துடுமா" என்றான் தசரதன். "அந்தச் செகப்பு துணிய அமுக்குதாம். ரெண்டே நிமிஷம்."

அவள் தன் கையாலேயே துடைத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கச் சொன்னார்கள்; சிரிக்க வேண்டாம் என்றார்கள்.

அந்த வைகாசிப் பௌர்ணமிக்கு ஊர் நிறைய ஜனம். கிரிவலம் வந்தவர்கள் கடைக்குள்ளும் வந்து போனார்கள். சாயங்காலம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார்கள். ஈப்போக்காரர், மலேசியத் தமிழ். உடம்பில் இருந்தது ரேவதி சேர்த்த செட்டு, கறுப்பும் கடுக்காய் மஞ்சளும். ரேவதியைக் கண்டதும் அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்கள். பிறகு கிட்ட வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்கள்.

"நீங்கதானே ரேவதி? என் மக லண்டன்லேருந்து இத வாங்கி அனுப்பினா. உங்க கதைய வாசிச்சு நான் அழுதுட்டேன்மா. உங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீங்க."

ரேவதிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரர் போனது. எங்கே போனது? லாரியில் ஏதோ ஆகிவிட்டது. சேதி வந்திருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, தன்னிடம் மட்டும் சொல்லவில்லை. கையை உதறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். மூலையில் எஸ்.டி.டி. பூத். லாரி மேனேஜர் நம்பர் அவளுக்கு மனப்பாடம். இரண்டு தடவை தப்பாகப் போட்டு மூன்றாவது தடவை கிடைத்தது.

"முருகவேலா? கம்பி எறக்கினுகிறான்மா. இரு, கூப்பிடறேன்."

இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது. "இன்னாடி, இந்த நேரத்துல?"

ரேவதி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லயா? சொல்லுடி."

"ஒண்ணுமில்ல மாமா. சும்மாதான்" என்று வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது அந்த அம்மா பயந்து போய் வாசலிலேயே நின்றிருந்தார்கள். கைப்பையில் பத்திரமாக வைத்திருந்த அட்டையை எடுத்துக் காட்டினார்கள். காடாத் துணியில், வெறும் நெற்றியோடு ரேவதி. பக்கத்தில் இங்கிலீஷ். அந்த அம்மா தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்கள்: இருபத்தாறு வயதில் கணவனைப் பறிகொடுத்தவள்; அவளுடைய ஊரில் விதவை காலம் பூராவும் நிறமில்லாத துணி உடுத்த வேண்டும்; அந்தப் பெண் இன்று உலகத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்கிறாள்.

"எங்க ஊட்டுக்காரர் உசுரோட இருக்காருங்க" என்றாள் ரேவதி. "இப்பதான் பேசிட்டு வரேன்."

அந்த அம்மா அட்டையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள். பிறகு அதை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தசரதன் பின்கட்டில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தான். அவள் அட்டையை நீட்டியதும் அவன் முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

"கத்தாத. உள்ள வா. வெறும் துணிய எவன் வாங்குவான்? ஒலகம் பூரா துணி இருக்கு. அவங்களுக்குத் துணியோட ஒரு கண்ணீரும் வேணும். நான் எழுதினேன், அங்க அச்சடிச்சாங்க. இங்க யாரு படிக்கப் போறா?"

"அன்னெத் அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உன் புருஷன் வருஷம் பூரா ஊர்ல இல்ல, அவங்களும் பார்த்ததில்ல. நெசம்னுதான் நெனச்சினுகிறாங்க."

"எங்கூட ஒரே வீட்ல சாப்ட்டு வளந்தவன் நீ. அவரு உன் மச்சானாச்சே, அண்ணா. எப்படி எழுத மனசு வந்துது?"

"எழுத்துதானம்மா" என்றான். "எழுதினா செத்துடுவாரா?"

மறுநாள் ரேவதி அன்னெத் முன்னால் போய் நின்றாள். தன் புருஷன் இருக்கிறான், அட்டையில் உள்ளது பொய், அதை எடுத்துவிட வேண்டும் என்று தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அன்னெத் தசரதனைப் பார்த்தாள். தசரதன் இங்கிலீஷில் சொன்னான். அவள் சொன்னதைவிட ரொம்ப நீளமாக இருந்தது. அன்னெத்தின் கண் நிறைந்தது. எழுந்து வந்து ரேவதியைக் கட்டிக்கொண்டாள்.

ரேவதி அந்தப் பிடியிலிருந்து விலகினாள். அவசரமாகக் கழுத்துக்குள் கைவிட்டுத் தாலியை வெளியே இழுத்துக் காட்டினாள். அன்னெத் அந்தக் குண்டையும் காசையும் விரலால் மெதுவாகத் தொட்டுப் பார்த்து, "பியூட்டிஃபுல்" என்றாள்.

அதற்கப்புறம் ரேவதி வேலைக்குப் போனாள், வந்தாள். கை முன்போல ஓடவில்லை. விஷயம் பெண்களுக்குள் பரவியிருந்தது. ஒருத்தியும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இஸ்திரி போடுகிற ஜோதியம்மாள்தான் ஒருநாள் வாய் திறந்தாள். உண்மையாகவே புருஷன் செத்துப் பதினெட்டு வருஷம் ஆனவள். முன்பல் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

"நான் நெசமா தாலி அறுத்தவ. என் மூஞ்சிய எவனும் படம் எடுக்க வரலியே. முண்டச்சியா இருந்தாலும் அழகான முண்டச்சியா இருக்கணும் போலக்குது" என்றாள். ரேவதியின் முகத்தைப் பார்த்து, "விடுடி. உன் மூஞ்சிதான் எங்க பன்னெண்டு பேருக்குக் கஞ்சி ஊத்துது" என்று இஸ்திரிப் பெட்டியை மறுபடி துணிமேல் வைத்தாள்.

ஆடி பிறந்து பத்தாம் நாள் முருகவேல் வந்தான். இந்தத் தடவை தாடி வைத்திருந்தான். இரும்பு அடித்த இடத்தில் இடது கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. சாப்பிட்டு முடித்ததும் சொன்னான்: "இனிமே போவ வேணாம்னு பாக்கறேன். உன் வேலை நெலையா இருக்கு. நான் ரெண்டு மாடு வாங்கிக் கட்டினா இங்கியே காலத்த ஓட்டிடலாம். பாப்பாவும் என்னை விருந்தாளி மாதிரி பாக்குது."

இந்த வார்த்தைக்குப் பத்து வருஷமாகக் காத்திருந்தவள் அவள். அந்த நேரத்தில் அட்டையை எடுத்துக் காட்டியிருக்க வேண்டாம். பின்னால் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள். ஆனால் மறைத்து வைத்துக்கொண்டு அவன் எதிரே உட்கார முடியவில்லை.

கேட்டுவிட்டு அவன் முதலில் சிரித்தான். "சீமையில நான் செத்துட்டனா? இருந்துட்டுப் போவட்டும். செத்தவன் பேர்ல சோறு வருதுன்னா நல்லதுதான." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த வெறும் நெற்றியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "இதுக்கு நீ நின்னியா?"

"துணிக்குன்னு சொன்னாங்க மாமா."

அவன் அட்டையைக் கவிழ்த்து வைத்தான். காலையில் சைக்கிளை எடுத்து வெளியே நிறுத்திவிட்டு, "ஏறு" என்றான்.

போவதற்கு முன் ரேவதி சினேகாவிடம் கேட்டாள். "உசுரோட இருக்காருன்னு இங்கிலீஷ்ல எப்படிப் பாப்பா சொல்றது?" சினேகா யோசித்துவிட்டு, "மை ஹஸ்பெண்ட், அலைவ். அது போதும்மா" என்றாள்.

அன்னெத் வாசலில் நூல்கண்டுகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். ரேவதி முருகவேலின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். சொன்னாள். அன்னெத் புரியாமல் பார்த்தாள். ரேவதி அட்டையை நீட்டி, படத்தில் விரலை வைத்து, பிறகு அதே விரலை அவன் நெஞ்சில் வைத்து மறுபடி சொன்னாள். தசரதன் உள்ளேயிருந்து வந்தான். முருகவேலைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டான்.

அன்னெத் தசரதனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் பார்வை அட்டைமேல் போய் விழுந்தது. அவள் அப்படியே நூலுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று நாள் கடை திறக்கவில்லை. நாலாம் நாள் எல்லாரையும் கூப்பிட்டாள். தசரதன் இல்லை. எதிர்த்த காபிக் கடைக்காரர் பலராமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினாள். வாங்குகிறவர்களிடம் பொய் சொல்லி விற்றுவிட்டோம். எல்லாக் கடைகளுக்கும் உண்மையை எழுதிவிட்டேன். அவர்கள் பெட்டிகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். நம் துணிக்கு நியாய வியாபாரம் என்று முத்திரை கொடுத்த வெளிநாட்டுச் சங்கமும் முத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இதற்குமேல் நடத்த முடியாது. ஒவ்வொருத்திக்கும் மூன்று மாதச் சம்பளம். பலராமன் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, பெண்கள் அன்னெத்தைப் பார்க்கவில்லை. திரும்பி ரேவதியைப் பார்த்தார்கள்.

கடைசியாக அன்னெத் ரேவதியிடம் வந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. பலராமன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "போட்டோ எடுத்தன்னிக்குப் பொட்ட நீயேதான துடைச்சேன்னு கேக்கறாங்கம்மா. ஏன்னு நீ ஒரு வார்த்தை கேக்கலியாம். உனக்கும் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றாங்க."

ரேவதியிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. வந்து நின்று சொன்னதும், தாலியை இழுத்துக் காட்டியதும், அதை அவள் அழகு என்றதும். வாயைத் திறந்தாள். பலராமனும் நல்ல மனுஷன்தான், ஆனால் இன்னொரு ஆம்பளையின் இங்கிலீஷில் போட்டுத் தன் வார்த்தையை அனுப்ப அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. மூடிக்கொண்டாள்.

புரட்டாசியில் அன்னெத் ஊரைவிட்டே போய்விட்டாள். சாய அண்டாக்களைப் பழைய பாத்திரக்காரன் எடுத்துப் போனான்.

மூன்று மாதச் சம்பளத்தில் மாடு வாங்கவில்லை. வாங்கலாம் என்று ரேவதி சொன்னாள்; முருகவேல் கேட்கவில்லை. தீபாவளிக்கு முன்பே லாரிக்காரன் போன் செய்தான். கிளம்புகிற அன்று பஸ் நிலையத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "செத்தவனா இருந்தப்ப ஊட்ல சோறு இருந்துது. உசுரோட வந்து நின்னேன், அதுவும் போச்சு." அவளைக் குத்துவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. நடந்ததைச் சொன்னான். வேலூர் வண்டி வந்ததும் ஏறிக்கொண்டான்.

ஜோதியம்மாள் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவப் போனாள். அடி அண்ணாமலைக் கடைத்தெருவில் எதிரே பார்த்தபோது ரேவதி நின்று, "அக்கா" என்றாள்.

"நீ சொன்னது நெசந்தான்டி" என்றாள் ஜோதியம்மாள். "அத வெச்சினு நாங்க இன்னா பண்றது?" காய் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ரேவதிக்கு ஒரு தனியார் பள்ளியின் சீருடை தைக்கிற வேலை கிடைத்தது. கட்டுக் கட்டாக வெட்டிய பாலியஸ்டர் துணி வீட்டுக்கே வரும். பழுப்புப் பாவாடை, வெளிர்நீலச் சட்டை, முந்நூறும் ஒன்றுபோல. எதற்கு எது சேரும் என்று பார்க்க அதில் ஒன்றுமில்லை.

ஒரு வருஷம் கழித்துத் தசரதன் அவள் வீட்டுக்கு வந்தான். புது மோட்டார் பைக். அதே தெருவில் சொந்தமாகக் கடை போட்டிருந்தான். பழைய பெண்களில் ஏழு பேர் அவனிடம் தைத்தார்கள். சாயம் எங்கிருந்தோ பாக்கெட்டில் வந்தது. அட்டையில் அவுரி, கடுக்காய் என்றே இருந்தது.

உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தான். "நடந்தத மனசுல வெச்சிக்காத ரேவதி. துணி எல்லாம் இருக்கு, செட்டுதான் சேர மாட்டேங்குது. எங்களுக்கு அந்தக் கண்ணு கெடையாது. வீட்டுக்கே கொண்டாந்து தரேன், நீ சேர்த்துக் குடு."

அவள் மிஷினை நிறுத்தவில்லை. "அட்டை?"

"அதே படம்தான். நல்லா வந்த படம், மாத்தல." கொஞ்சம் தயங்கினான். "ஆனா கதைய மாத்திட்டேன். நீ கேட்ட மாதிரி உசுரோடதான் வெச்சிருக்கேன். குடிகாரன்னு போட்டிருக்கேன். அடிப்பான்னு."

மிஷின் நின்றது. அவள் அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் மாட்டுப் பொங்கலன்று இவனும் அவளும் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"எழுந்து போண்ணா" என்றாள்.

அவன் போனான். போகும்போது, யோசித்துச் சொல் என்றான். பைக் சத்தம் தெருமுனை தாண்டும் வரை கேட்டது. ரேவதி மறுபடி பெடலில் கால் வைத்து நாலு விரற்கடை ஓட்டியபிறகுதான் பார்த்தாள், சட்டைக் கையை உள்பக்கம் வெளியாக வைத்துத் தைத்திருக்கிறாள். பிளேடை எடுத்து, வெளிச்சத்துக்குத் திரும்பி உட்கார்ந்து, தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.